ராஜினாமா கடிதமும் அதன் தேதியும்

"ரிசைன் பண்ணி என்ன சார் கிழிச்சாங்க? சண்டை நின்னுதா?"

கேட்டவர் இங்கே நாக்பூரில் இருக்கும் நம்மூர்க்காரர். மத்திய அரசு உத்தியோகம், ரிடையர்மெண்டுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி. போரை எதிர்த்து அரசாங்க வேலையை உதறியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் போட்ட போடு இது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பதில் கொஞ்சம் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். சர்வதேசச் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் ஃபைல் தள்ளியதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: ஒரு பேப்பரில் கையெழுத்து என்றால் என்ன, அது யாருடையது, எந்தத் தேதியில் போட்டது. அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் இந்த விஷயத்தையும் பார்க்கிறேன்.

இராக் யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். 2003 மார்ச் 20ஆம் தேதி ஆரம்பித்தது. இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் குவிந்திருக்கின்றன என்பதுதான் சொல்லப்பட்ட முக்கியமான காரணம். அமெரிக்காவே அமைத்த ஆய்வுக்குழு நாடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படிக் கையிருப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று 2004ல் அறிக்கை கொடுத்தது. இது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு, சண்டை ஆரம்பிக்கும் முன்பே, இது சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனவர்கள் சிலர் உண்டு.

ஏதென்ஸில் அமெரிக்கத் தூதரகத்தின் அரசியல் பிரிவில் இருந்த ஜான் பிரேடி கீஸ்லிங், சுமார் 20 வருஷ சர்வீஸ்காரர், பிப்ரவரி கடைசியில் வெளியுறவு மந்திரி காலின் பவலுக்குக் கடிதம் கொடுத்தார். மார்ச் 10ல் ஜான் பிரவுன் என்ற இன்னொரு அதிகாரி. மங்கோலியாவில் தூதருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆன் ரைட், மார்ச் 19ல். இந்த அம்மாள் கொடி பிடித்துக் கோஷம் போடும் ரகம் இல்லை. அமெரிக்க ராணுவத்திலும் ரிசர்விலுமாகச் சேர்த்து கர்னல் வரை உயர்ந்தவர். 2001 டிசம்பரில் காபூலில் மூடிக்கிடந்த தூதரகத்தை மறுபடி திறக்கப் போன குழுவில் இருந்தவர். ஆஸ்திரேலியாவில் உளவுத் தகவல்களை அலசிச் சொல்லும் அலுவலகத்தில் இருந்த ஆண்ட்ரூ வில்கி, மார்ச் 11ல் விலகினார். பிரிட்டனில் ராபின் குக் மார்ச் 17ல் மந்திரி பதவியை விட்டார்.

அமெரிக்க வெளியுறவுத் துறையில் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி அந்த வாரங்களில் வெளியேறியவர்கள் மூன்றே பேர். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மார்ச் 18ஆம் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. யுத்தத்துக்கு ஆதரவாக 412, எதிராக 149. ஆக நண்பர் சொன்னது உண்மைதான், ஒன்றும் நிற்கவில்லை.

ஆனால் யுத்தத்தை நிறுத்தியதா என்பதை வைத்து ராஜினாமாவுக்கு மார்க் போடுவது தப்பான கணக்கு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் என்ற பெண்மணியின் கதை உதவும். (பெயர் என் வாயில் நுழைய ரெண்டு நாள் ஆனது.)

இவர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் துணைச் சட்ட ஆலோசகர். 1974ல் வேலைக்குச் சேர்ந்தவர். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஒரே இலாகா. பேப்பரில் போட்டோ வருகிற ஆள் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபையின் இன்னொரு தீர்மானம் இல்லாமல் இராக்குக்குள் நுழைவது சட்டவிரோதம் என்பது அவருடைய கருத்து. அவருடையது மட்டும் இல்லை. அந்த விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வெளியுறவுத் துறை வக்கீல்கள் எல்லோருக்குமே அதே கருத்துதான் என்று பின்னால் விசாரணையில் அவரே சொன்னார்.

அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் மார்ச் 7ல் பிரதமருக்கு ஒரு நீண்ட குறிப்பு கொடுத்திருந்தார். யுத்தத்துக்கு ஆதரவாக ஓரளவு வாதம் செய்ய முடியும், ஆனால் இரண்டாவது தீர்மானம் வாங்கிக்கொள்வதே பத்திரமான வழி என்கிற தோரணையில் இருந்தது அது. பத்தே நாளில், மார்ச் 17ல், பார்லிமெண்டுக்கு அவர் கொடுத்தது ஒரு சின்ன பதில். அதில் அந்தத் தயக்கம் எதுவும் இல்லை, சட்டப்படி சரிதான் என்று இருந்தது.

மறுநாள், மார்ச் 18, வில்ம்ஸ்ஹர்ஸ்ட் கடிதம் கொடுத்தார். இது சட்டப்படி சரி என்று உள்ளே இருப்பவர்களிடமோ, மக்களிடமோ, பார்லிமெண்டிடமோ சொல்லும் வேலையில் மனசாட்சிப்படி என்னால் சேர முடியாது என்று அதில் எழுதினார். இனி இந்தப் பதவியில் வேலை பார்க்க முடியாததற்கு ஓர் உதாரணமும் சொன்னார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தொடர்பாக, ஆக்கிரமிப்பு யுத்தம் என்ற குற்றத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை அந்த வருஷம் மறுபடி தொடங்க இருந்தது. அந்தத் துறையில் இருந்துகொண்டு தன் அரசாங்கம் செய்வதற்குச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு அதை எப்படிச் செய்வது?

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. முன்கூட்டியே ஓய்வு பெற அனுமதி கிடைக்குமா என்று நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் இதையே ராஜினாமா நோட்டீஸாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். நம் பாஷையில் சொன்னால், வி.ஆர்.எஸ். கிடைத்தால் வி.ஆர்.எஸ்., கிடைக்காவிட்டால் ரிசிக்னேஷன். இதைப் படித்ததும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. கொள்கைக்காக விடுகிறவர்கள் பணத்தைப் பற்றி நினைக்கவே மாட்டார்கள் என்று நாம் ஒரு சினிமா கற்பனை வைத்திருக்கிறோம். முப்பது வருஷம் உழைத்தவர் தன் பென்ஷனைப் பற்றி யோசித்தார். யோசித்துவிட்டு, அது போனாலும் போகட்டும் என்று அடுத்த வரியை எழுதினார். அந்த இரண்டாவது வரிதான் ராஜினாமா.

சண்டை நடந்தது. கடிதம் ஃபைலில் போய் உட்கார்ந்தது. 2005 மார்ச்சில் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அதை வெளியிட வேண்டி வந்தது. வெளியிட்டபோது ஒரு பகுதியை மட்டும் மறைத்துவிட்டார்கள். மறைத்த பகுதி டி.வி. செய்தி மூலம் வெளியே வந்துவிட்டது. அட்டர்னி ஜெனரலின் கருத்து மார்ச் 7க்குப் பிறகு மாறியது என்பதைத்தான் அந்த வரிகள் சொன்னன. 2010 ஜனவரியில் சில்காட் விசாரணைக் குழு முன்னால் அவர் வந்து சாட்சி சொன்னார். 2016 ஜூலையில் வந்த சில்காட் அறிக்கை, யுத்தத்துக்குச் சட்ட ஆதாரம் இருக்கிறது என்று முடிவு செய்த விதம் திருப்திகரமாக இல்லவே இல்லை என்று எழுதியது. பதின்மூன்று வருஷம்!

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு பெரிய லோன் போகிறது என்றால் புராசஸ் செய்கிறவர், சிபாரிசு செய்கிறவர், சாங்ஷன் செய்கிறவர் என்று வரிசையாகக் கையெழுத்து. மேலே இருந்து ஒரு போன் வரும். "பாத்துப் பண்ணுங்க." அவ்வளவுதான், எழுத்தில் எதுவும் இருக்காது. விதர்பாவில் நான் வேலை பார்த்த ஒரு கிளையில் சீனியர் ஒருவர் இருந்தார். ஒரு பார்ட்டியின் ஸ்டாக் கணக்கு சரியில்லை என்று நோட்டில் மூன்று வரி எழுதிவிட்டுத்தான் ஃபைலை மேலே அனுப்புவேன் என்று பிடிவாதமாக நின்றார். எழுதினார். லோன் சாங்ஷன் ஆனது, அவருக்கு டிரான்ஸ்ஃபரும் வந்தது. எல்லோரும் அவரைப் பார்த்து, என்ன சார் பிரயோஜனம் என்றார்கள். சில வருஷம் கழித்து அக்கவுண்ட் என்.பி.ஏ. ஆகி, யார் பொறுப்பு என்று விசாரிக்க ஆள் வந்தபோது, நாங்கள் எல்லோரும் எதிர்த்தோம் என்று வாயால் சொன்னவர்கள் நிறையப் பேர். பேப்பரில் இருந்தது அந்த மூன்று வரி மட்டும்தான்.

யுத்தத்தில் இது இன்னும் பெரிய விஷயம். பின்னால் எல்லோருமே, எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தேதி எங்கே?

அப்படியானால் விடாமல் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கோழைகளா என்றால், இல்லை. வில்ம்ஸ்ஹர்ஸ்ட்டின் மேலதிகாரி, தலைமைச் சட்ட ஆலோசகர் மைக்கேல் வுட். அவரும் அதே கருத்துக்காரர். 2003 ஜனவரி 24லேயே, தீர்மானம் இல்லாமல் போனால் சட்டவிரோதம் என்று வெளியுறவு மந்திரி ஜாக் ஸ்ட்ராவுக்கு எழுத்தில் கொடுத்தார். உங்கள் ஆலோசனையைக் குறித்துக்கொண்டேன், ஆனால் ஏற்கவில்லை என்று ஸ்ட்ரா பதில் எழுதினார். வுட் வேலையில் தொடர்ந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுதினார், தேதி போட்டார், சரியான ஆளுக்கு அனுப்பினார். உள்ளே இருந்து திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வரி கூட எழுதாமல் இருப்பவர்களைப் பற்றித்தான் என் புகார். எழுத்தில் இல்லாத எதிர்ப்புக்கும் சம்மதத்துக்கும் ஆடிட்டர் கண்ணில் வித்தியாசம் கிடையாது.

நண்பர் கட்சியில் இன்னும் பலமான வாதம் ஒன்று உண்டு. அவர் சொல்லவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். நல்லவன் எழுந்து போனால் நாற்காலி காலியாகவா இருக்கும்?

இதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, நம் தலைவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், இந்தியாவும் யுத்தத்தில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அக்டோபரில் காங்கிரஸ் காரியக் கமிட்டி முடிவெடுத்து, மாகாண காங்கிரஸ் மந்திரிசபைகள் எட்டும் வரிசையாக ராஜினாமா செய்தன. சென்னையில் ராஜாஜி மந்திரிசபையும் அக்டோபர் கடைசியில் விலகியது. என்ன ஆயிற்று? பெரும்பாலான மாகாணங்களில் கவர்னர்கள் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள். ஃபைல்கள் நகர்ந்தன. டிசம்பர் 22ஆம் தேதியை விடுதலை நாள் என்று முஸ்லிம் லீக் கொண்டாடியது. யுத்தம் முடிவதற்குள் இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேராக வளர்ந்தது. நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இல்லை.

கேட்காமல் என்னை யுத்தத்தில் சேர்த்தால் நான் உன் மந்திரியாக இருக்க முடியாது என்ற அந்த முடிவு சுயமரியாதை. அதை மறுக்கவில்லை. ஆனால் மந்திரிகள் பார்த்துக்கொண்டிருந்தது யுத்தத்தை இல்லை. பள்ளிக்கூடம், விவசாயக் கடன், மதுவிலக்கு. அந்த வேலைகளும் சேர்ந்து நின்றன. விலை கொடுத்தவர்களில் ஜனங்களும் உண்டு.

அதனால் நான் ஒரு கோடு போடுகிறேன். உன் வேலையே அந்த யுத்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதுதான் என்றால் விட்டுவிடு. உன் வேலை ரேஷனோ ஆஸ்பத்திரியோ என்றால் இரு, ஆனால் எழுது. சட்ட ஆலோசகர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இருந்திருந்தால் தான் நம்பாத ஒன்றுக்குச் சட்ட விளக்கம் தயாரித்துக்கொண்டிருந்திருப்பார். கீஸ்லிங் இருந்திருந்தால் ஏதென்ஸில் அதை நியாயப்படுத்திப் பேசிக்கொண்டிருந்திருப்பார். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு நல்லது செய்கிறேன் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கோட்டில் இடறுகிற ஒருவர் கிளேர் ஷார்ட். பிரிட்டனின் வெளிநாட்டு உதவி மந்திரி. யுத்தத்துக்கு முன்னால் ரேடியோவில் பிரதமர் பிளேரையே பொறுப்பில்லாதவர் என்று வெளுத்து வாங்கினார், விலகுவேன் என்றார். பிறகு விலகவில்லை, 18ஆம் தேதி ஓட்டையும் அரசாங்கத்துக்கே போட்டார். இராக்கைத் திரும்பக் கட்டுகிற வேலை இருக்கிறதே என்பது அவர் சொன்ன காரணம். அவர் இருந்தது நிவாரண நாற்காலி, அதனால் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மே 12ல், ஐ.நா.வுக்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி அவரும் ராஜினாமா செய்தார். அதற்குள் பாக்தாத் விழுந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ராபின் குக்கின் கடைசிப் பேச்சுக்கு வழக்கத்துக்கு மாறாக சபையிலேயே கை தட்டினார்கள். ஷார்ட்டுக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. இரண்டு மாத வித்தியாசம்தான்.

பவல் அப்போது விலகவில்லை. 2003 பிப்ரவரி 5ல் ஐ.நா.வில் தான் பேசிய பேச்சு தன் பெயருக்கு ஒரு கறை என்று 2005ல் பேட்டியில் சொன்னார். அவ்வளவுதான்.

ராஜினாமா செய்ய முடிவதே ஒரு சலுகை என்பதையும் சொல்ல வேண்டும். சிப்பாய்க்கு அது கிடையாது. எஹ்ரன் வாட்டாடா என்ற அமெரிக்க ராணுவ லெஃப்டினண்ட் 2006ல் இராக் போக மாட்டேன், என் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்; ஏற்கவில்லை, கோர்ட் மார்ஷல் வைத்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படை டாக்டர் மால்கம் கெண்டல்-ஸ்மித்துக்கு அதே வருஷம் எட்டு மாத ஜெயில். நாட்டைப் பொறுத்தும் விலை மாறும். ஜெனீவாவில் ரஷ்யாவின் ஐ.நா. அலுவலகத்தில் இருந்த போரிஸ் பொண்டாரெவ், உக்ரைன் யுத்தத்தை எதிர்த்து 2022 மே மாதம் விலகினார். இருபது வருஷ சர்வீஸ். வேலை போனதோடு ஊருக்குத் திரும்பும் வழியும் போனது. காஸா யுத்தத்தில் இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை எதிர்த்து 2023 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவுத் துறையை விட்ட ஜாஷ் பால், ஆயுதம் கொடுக்கிற பிரிவிலேயே 11 வருஷத்துக்கு மேல் இருந்தவர். என் கோட்டுக்கு இதைவிடச் சரியான உதாரணம் வேண்டாம்.

தமிழர்களாகிய நாம் இதைப் பேசும்போது 2008 அக்டோபரைத் தாண்டிப் போக முடியாது. இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் போர் நிறுத்தம் வராவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் எல்லோரும் ராஜினாமா என்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் தீர்மானம் போட்டது. தி.மு.க. எம்.பி.க்கள் கடிதம் எழுதினார்கள். கொடுத்தது யாரிடம்? கட்சித் தலைவர் கருணாநிதியிடம். பின்தேதி போட்ட கடிதங்கள் என்றும் செய்தி வந்தது. மாதக் கடைசியில் பிரணாப் முகர்ஜி சென்னை வந்து பேசியதும் விஷயம் கைவிடப்பட்டது. 2009 மே மாதம் எப்படி முடிந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

எம்.பி.க்கள் போயிருந்தால் யுத்தம் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அது நண்பருடைய கணக்கு, என்னுடையது இல்லை. நான் பார்ப்பது பேப்பரை. ஒரு எம்.பி.யின் ராஜினாமா சபாநாயகருக்கோ ராஜ்யசபைத் தலைவருக்கோ போக வேண்டும். வேறு யாரிடம் கொடுத்தாலும் அது கடிதம் இல்லை, பின்தேதியிட்ட செக். எங்கள் கவுண்டரில் வந்தால் தேதி வரட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். அந்த ஏழு மாதத்தில் டெல்லி ரெக்கார்டில் யாருடைய மறுப்பு தேதியோடு இருக்கிறது என்று நாளைக்கு ஒரு பையன் தேடினால், எவ்வளவு கிடைக்கும்?

கடைசியாகப் பணம். ஊரை விட்டு வந்து சம்பளத்தை நம்பி வாழ்கிற நம் குடும்பங்களில் இதைப் பேசாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. பழைய பென்ஷன் திட்டத்தில் இருக்கும் வங்கிக்காரர்களுக்கு 1995 பென்ஷன் விதிகள் சொல்வது இது: ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் பென்ஷனுக்குக் கணக்கில் வராது. இருபது வருஷம் முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் பென்ஷன் உண்டு. மத்திய அரசின் பழைய திட்டத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. என்ன காரணத்துக்காகப் போகிறாய் என்று விதி பிரிப்பதில்லை. மனசாட்சிக்குப் போகிறவனும், நாளைக்கே தனியார் பேங்கில் டபுள் சம்பளத்துக்குச் சேரப் போகிறவனும் ஒன்றுதான்.

பத்தொன்பது வருஷம் முடித்தவன் ஒருவன் ஒரு நாள் இதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்தால், அவன் வீட்டில் அழுகைதான் மிஞ்சும். என்.பி.எஸ்.ஸில் இருக்கும் இளசுகளுக்கு இந்தப் பயம் கொஞ்சம் குறைவு, சேர்ந்த பணம் அவரவர் கணக்கில் இருக்கிறது. இந்தத் திட்டத்தை எத்தனையோ திட்டியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அது ஆளைச் சங்கிலியில் கட்டிப் போடுவதில்லை.

இதையெல்லாம் எழுதும்போது வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, இப்ப எதுக்கு இதெல்லாம், உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டாள். இருபது தாண்டியாச்சு என்றேன். பெரியவளுக்கு இன்ஜினியரிங் இன்னும் மூணு வருஷம் இருக்கு என்றாள். அதுவும் ஒரு கணக்குதான், தள்ளிவிட முடியாது. வில்ம்ஸ்ஹர்ஸ்ட்டும் முதல் வரியில் அதைத்தான் கேட்டிருந்தார்.